கயிற்றின் மறுமுனை

முத்துக் குளிக்கக் கடலில் இறங்குபவரின் கயிற்றைப் படகில் நின்று பிடிக்க வேண்டியவர் யார்? மன்னார் வளைகுடாக் கரையில் இதற்குப் பரம்பரையாகச் சொல்லப்படும் பதில், மச்சான். அண்ணன் தம்பி என்றால் நாளைக்குப் பாகப்பிரிவினை என்று ஒன்று வரும். மச்சானுக்கு அந்தக் கணக்கு இல்லை. கூடப் பிறந்தவளின் தாலி, கீழே மூச்சடக்கி இருப்பவனின் உயிரோடு கட்டப்பட்டிருக்கிறது. கயிறு லேசாக அசைந்தாலும் அவன் இழுத்துவிடுவான். எல்லாப் படகிலும் மச்சானே நின்றிருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் இந்தக் கரை தலைமுறை தலைமுறையாக அந்தப் பதிலையே சொல்லிவந்திருக்கிறது என்பதில் வேலையைப் பற்றிய ஆழமான அறிவு ஒன்று இருக்கிறது.

இறங்குபவர் கல்லின் பாரத்தில் சரசரவென்று கீழே போவார். ஏழெட்டுப் பாகம் ஆழத்தில் சிப்பிகள் கிடக்கும் பார் இருக்கும். கைக்கு அகப்பட்ட சிப்பிகளை வலைப்பையில் அள்ளுவார். ஒரு நிமிடம், அல்லது அதற்குச் சற்று மேல், அவ்வளவுதான் நேரம். அவருக்கு நியமன உத்தரவு கிடையாது, சம்பளப் பட்டியலில் பெயர் கிடையாது. சலாபம் என்ற முத்துக்குளிப்புப் பருவம் எப்போது என்று அறிவித்தது அரசு. படகு சம்மாட்டியுடையது. ஆனால் அவர் உயிரை ஒப்படைத்தது அரசிடமும் அல்ல, சம்மாட்டியிடமும் அல்ல. மேலே நின்ற ஒரே ஒரு மனிதரிடம்.

உளவியலில் பணித் திருப்தி, நிறுவனப் பற்று என்று இரண்டு பேசப்படுகின்றன. செய்யும் வேலை பிடித்திருக்கிறதா என்பது முதலாவது. வேலை கொடுத்த இடத்தை விட்டுப் போகாமல் இருக்கிறீர்களா, ஏன் என்பது இரண்டாவது. வேலை பிடித்தவர் நீடிப்பார், நீடிப்பவருக்கு வேலை பிடித்திருக்கும் என்று நாம் இயல்பாக எண்ணிக்கொள்கிறோம். அந்த எண்ணம் எவ்வளவு தவறு என்று பார்க்கத் தூத்துக்குடியைப் போலப் பொருத்தமான ஊர் குறைவு. பெரிய துறைமுகம், அனல் மின் நிலையம், உப்பளங்கள், திரேஸ்புரத்தின் நாட்டுப் படகுகள், சங்கு குளிப்பவர்கள், பழைய துறைமுகத்திலிருந்து கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கேற்றிப் போகும் தோணிகள் எல்லாம் ஒரே ஊருக்குள்ளும் அதன் ஓரத்திலும் இருக்கின்றன. ஒரே வெயில், ஒரே உப்புக்காற்று. வேலை மட்டும் வேறு வேறு.

பணித் திருப்தியை முதன்முதலில் முறையாக அளந்தவர்களில் ஒருவர் ராபர்ட் ஹாப்பாக். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் நியூ ஹோப் என்ற சிறிய ஊரில், வேலை பார்த்த பெரியவர்களில் பெரும்பாலோரிடம் கேள்வித்தாளைக் கொடுத்தார். 1935இல் அவருடைய நூல் வெளிவந்தது. ஒரு தொழிற்சாலையை எடுத்துக்கொள்ளாமல் ஒரு முழு ஊரை எடுத்துக்கொண்டதால், தொழிலுக்குத் தொழில் திருப்தி எப்படி மாறுகிறது என்று அவரால் பார்க்க முடிந்தது. படித்துத் தேர்ந்த தொழில்களில் இருந்தவர்கள் மேலேயும், பயிற்சி வேண்டாத உடலுழைப்பில் இருந்தவர்கள் கீழேயும் நின்றார்கள். பிறகு பல நாடுகளில் செய்யப்பட்ட ஆய்வுகளிலும் ஏறத்தாழ இந்தப் படிக்கட்டே தென்பட்டது. மேலே போகப் போகச் சம்பளம், மரியாதை, தன் விருப்பப்படி வேலை செய்யும் இடம் மூன்றுமே கூடுகின்றன. அதனால் எதனால் திருப்தி கூடுகிறது என்று இந்தப் படிக்கட்டை மட்டும் வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது.

மீனவர்கள் இந்தப் படிக்கட்டில் உட்காரவே மறுத்தார்கள். கடல்சார் மானுடவியலாளர் ரிச்சர்ட் போல்நாக்கும் அவருடைய சகாக்களும் 1970களிலிருந்து பல கடற்கரைகளில் மீனவர்களிடம் வேலை பற்றிக் கேட்டுவந்தார்கள். 2001இல் இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், வியட்நாம் மீனவர்களைப் பற்றி வந்த அவர்களது ஆய்வு, அரசுகளின் ஒரு நம்பிக்கையை நேராகவே மறுத்தது. மீனவர்கள் ஏழைகள், ஆபத்தில் வாழ்பவர்கள், மாற்று வேலை கொடுத்தால் ஓடி வந்துவிடுவார்கள் என்பது திட்டமிடுவோரின் கணக்கு. பெரும்பாலான மீனவர்களோ தங்கள் தொழில் பிடித்திருக்கிறது, இதே வருமானம் வேறு வேலையில் கிடைத்தாலும் போக மாட்டோம் என்றார்கள். சென்னையின் இழுவைப் படகுத் தொழிலாளரிடமும் இந்தக் கேள்வி கேட்கப்பட்டிருக்கிறது. அந்த ஆய்வைச் செய்தவர், தமிழகக் கடற்கரையைப் பல ஆண்டுகள் பார்த்துவந்த மார்ட்டன் பாவிங்க்.

ஏன் பிடித்திருக்கிறது? முத்துச் சலாபக் கணக்கிலிருந்து தொடங்கலாம். கரைக்கு வந்த சிப்பிகளை மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். அரசு இரண்டை எடுத்து ஏலம் விடும், ஒன்று குளித்தவர்களுக்கு. ஆங்கில ஆட்சிக் காலத்தில் பரவலாக இருந்த முறை இது. பங்கு கிடைப்பது முத்தாக அல்ல, திறக்காத சிப்பியாக. ஒன்றில் ஒன்றும் இருக்காது. ஒன்றில் கடுகளவு இருக்கும். எங்கோ ஒன்றில் ஒரு குடும்பத்தின் கடனை அடைக்கும் முத்து இருக்கலாம். 1957இல் சார்லஸ் ஃபெர்ஸ்டரும் பி.எஃப். ஸ்கின்னரும் விரிவாக வெளியிட்ட சோதனைகளில், எப்போது வரும் என்று தெரியாத பரிசுக்காக உயிரினங்கள் மிக விடாப்பிடியாக உழைக்கின்றன என்று கண்டார்கள். முத்துச் சிப்பியும், மீன்பாடும், இன்னும் எத்தனையோ தொழில்களும் மனத்தை இப்படித்தான் பிடித்திழுக்கின்றன. ஆனால் சீட்டாட்டக்காரரின் வெறியை மட்டும் வைத்து மீனவரைப் புரிந்துகொள்வது அவமரியாதை. அதைவிடப் பெரிய காரணங்கள் இருக்கின்றன.

அவற்றில் ஒன்று பயத்தைப் பற்றியது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, சுறாக்களை மந்திரத்தால் கட்டுபவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். மன்னனுக்குப் பத்தில் ஒரு பங்கு போனால், இவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு போயிற்று. மாலையானால் கட்டை அவிழ்த்துவிடுவார்களாம், இரவில் திருட்டுத்தனமாக யாரும் இறங்கிவிடக் கூடாதே என்று. ஐந்நூறு அறுநூறு ஆண்டுகள் கழித்து வந்த ஆங்கில அதிகாரிகளுக்கு மந்திரத்தில் நம்பிக்கை இல்லை. இருந்தும் சலாபத்தில் 'கடல்கட்டி'யை அவர்கள் வைத்துக்கொண்டார்கள், கூலியும் கொடுத்தார்கள். அவர் கரையில் இல்லையென்றால் குளிப்பவர்கள் இறங்க மாட்டார்கள் என்ற ஒரே காரணத்துக்காக. டிரோப்ரியாண்ட் தீவுகளில் காயலுக்குள் மீன் பிடிக்க மந்திரம் தேவைப்படவில்லை, திறந்த கடலுக்குப் போகத்தான் தேவைப்பட்டது என்று மானுடவியலாளர் மலினோவ்ஸ்கி எழுதியதும் இதே கோட்டில்தான் வருகிறது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது மந்திரம் அல்ல. தங்கள் பயத்துக்கு முதலாளி தரப்பு செலவு செய்ய வேண்டும் என்று தொழிலாளர்கள் நிபந்தனை விதித்தார்கள், அது நிறைவேறியது என்பதே. இன்றைய பாதுகாப்புக் குழுக்களில் பல இந்த அளவுக்குக் கூடத் தொழிலாளரின் பயத்தைக் காதில் வாங்குவதில்லை.

முத்துக் குளித்தல் 1961ஆம் ஆண்டுச் சலாபத்தோடு நின்றுபோனது. 1955 முதல் ஏழு ஆண்டுகள் தொடர்ந்து நடந்தது; அதன் பின் பார்களில் சிப்பி அந்த அளவுக்குத் திரும்பவில்லை. ஆனால் மூச்சடக்கி இறங்கும் திறமை சங்குக்குப் போனது. தூத்துக்குடியில் சங்கு குளிப்பவர்களின் பிடி, வங்காளத்துப் பெண்களின் கையில் வளையலாக ஏறுகிறது. சங்கைப் பற்றியும் முத்துச் சலாபத்தைப் பற்றியும் நிறைய எழுதிவைத்த ஜேம்ஸ் ஹார்னெல்லின் 1914ஆம் ஆண்டு நூல் இந்தத் தொடர்பைச் சொல்லும் நல்ல ஆவணம்.

சங்கு குளிப்பவரின் வேலையை, ரிச்சர்ட் ஹாக்மன், கிரெக் ஓல்டம் இருவரும் 1970களின் நடுவில் வகுத்த அளவுகோலில் வைத்துப் பார்ப்போம். ஒரு வேலை மனத்துக்கு நிறைவு தர ஐந்து இயல்புகள் வேண்டும் என்றார்கள். பல திறன்களைப் பயன்படுத்த வேண்டியிருத்தல், தொடக்கம் முதல் முடிவு வரை வேலை தன் கையில் இருத்தல், அதனால் மற்றவருக்குப் பயன் இருத்தல், எப்படிச் செய்வது என்று தானே முடிவெடுத்தல், செய்தது சரியா தப்பா என்று உடனே தெரிதல். சங்கு குளிப்பவருக்கு நீரோட்டம் தெரிய வேண்டும், மணலில் சங்கு போன தடம் தெரிய வேண்டும், தன் மூச்சின் எல்லை தெரிய வேண்டும். எங்கே இறங்குவது என்று அவரே முடிவெடுக்கிறார். மேலே வந்ததும் கையில் இருப்பது சொல்லிவிடும். ஐந்தில் ஒன்றும் குறைவில்லை.

ஹாக்மனும் ஓல்டமும் இந்த ஐந்தையும் ஒரு சூத்திரத்தில் வைத்தார்கள். முதல் மூன்றின் சராசரியைத் தன்னுரிமையாலும், உடனடித் தகவலாலும் பெருக்க வேண்டும். பெருக்கல் என்பதால் கடைசி இரண்டில் ஒன்று சுழியானால் மொத்தமும் சுழி. பின்னால் வந்த ஆய்வாளர்கள் நிறையத் தரவுகளைத் தொகுத்துப் பார்த்து, பெருக்கினாலும் சும்மா கூட்டினாலும் கணிப்பில் பெரிய வித்தியாசம் இல்லை என்றார்கள். புள்ளிவிவரப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் உப்பளத்துக்குள் நுழைந்து பார்ப்பவருக்கு, தன்னுரிமை சுழியாகும்போது மற்றவை என்னவாகும் என்று விளங்கிவிடும்.

உப்பு விளைவிப்பது மூளைக்கு வேலை தராத தொழில் என்று எண்ணுபவர்கள் அளத்தைப் பார்த்ததில்லை. மூன்று, மூன்றரை டிகிரி போமே அடர்த்தியில் இருக்கும் கடல்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி, வெயிலும் காற்றும் குடித்தது போக, 25 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும். அப்போது உப்பு படியத் தொடங்கும். அடர்த்தி 30ஐ நெருங்கினால் கைப்பு உப்புகள் கூடிவிடும், அதற்குள் மிச்ச நீரை வடித்துவிட வேண்டும். பாத்தியை மிதித்துக் கெட்டிப்படுத்துவதிலிருந்து, எந்த நாளில் வாருவது என்பது வரை அனுபவத்தால் மட்டுமே வரும் அறிவு. சூத்திரத்தின் முதல் மூன்று இயல்புகளில் உப்பளம் தோற்காது. பயனில் எந்தத் தொழிலுக்கும் குறையாது, உப்பில்லாத வீடு எங்கே இருக்கிறது?

பத்து ஏக்கருக்குள் சொந்தமாகவோ குத்தகைக்கோ அளம் வைத்திருப்பவரும், பெரிய அளத்தில் நாள்கூலிக்கு வாருபவரும் செய்வது ஏறத்தாழ ஒரே வேலை. இருவர் காலிலும் அதே உவர்நீர், இருவர் கண்ணிலும் அதே வெண்கூச்சம். ஆனால் முதல் ஆள் மழைமேகத்தைப் பார்த்து முடிவெடுக்கிறார். இரண்டாம் ஆள் அதிகாலை இரண்டு, மூன்று மணிக்கே எழுந்து, வெயில் ஏறுமுன் வாரி முடித்து, சொன்ன இடத்தில் கொட்டிவிட்டுப் போகிறார். எத்தனை டிகிரி, எப்போது வாருவது, என்ன விலைக்குப் போனது எதுவும் அவரிடம் கேட்கப்படுவதில்லை. பெண்களுக்கு இன்னும் ஒரு படி கீழே. இதைக் கூட இருந்து பார்த்து எழுதியவர் ராஜம் கிருஷ்ணன். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களிடையே தங்கிப் பெற்ற அறிவில்தான் 'கரிப்பு மணிகள்' நாவல் வந்தது. கேள்வித்தாள் கொடுத்துவிட்டுப் போகும் ஆய்வாளர்களுக்கு அவர் செய்த கள வேலை இன்றும் பாடமாக இருக்க வேண்டும்.

வேலை இப்படி இருந்தும் உப்பளத் தொழிலாளர்கள் பல்லாண்டுகள் அளத்திலேயே நீடிக்கிறார்கள். தாய்க்குப் பின் மகள் என்று போவதும் உண்டு. ஆள் எத்தனை ஆண்டு நீடித்தார் என்பதை மட்டும் அளக்கும் ஒருவர் இங்கே வந்தால், நிறுவனப் பற்றில் உப்பளம்தான் தூத்துக்குடியில் முதலிடம் என்று எழுதிவிடுவார்.

இந்தத் தப்பைத் திருத்தும் கருவி 1960இல் ஹோவர்ட் பெக்கர் எழுதிய ஒரு கட்டுரையில் தொடங்குகிறது. ஒருவர் ஓர் இடத்தில் தங்குவதற்கு அந்த இடத்தின் மேல் உள்ள அன்பு காரணமாக இருக்கவேண்டியதில்லை, அங்கே அவர் வைத்துவிட்ட பந்தயங்கள் காரணமாக இருக்கலாம் என்றார் பெக்கர். வீட்டுக் கடன், பிள்ளையின் பள்ளி, சேர்ந்துகொண்டிருக்கும் ஓய்வூதியம், தெரிந்த முகங்கள். போனால் இவையெல்லாம் போகும். 1991இல் ஜான் மேயரும் நடாலி ஆலனும் பற்றை மூன்று இழையாகப் பிரித்தார்கள். இருக்க விரும்புகிறேன் என்பது ஒன்று. இருந்தாக வேண்டியிருக்கிறது என்பது இரண்டு. இருப்பதே முறை என்பது மூன்று. விருப்பப் பற்று, கட்டாயப் பற்று, கடமைப் பற்று என்று தமிழில் சொல்லலாம். 2002இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, விருப்பப் பற்று உள்ளவர்களே நன்றாக வேலை செய்கிறார்கள், ஒழுங்காக வருகிறார்கள், தாமாக முன்வந்து உதவுகிறார்கள் என்று தெரிந்தது. கட்டாயப் பற்று வேலையின் தரத்தைக் கூட்டவில்லை. ஆளை இருத்தி வைக்கிறது, அவ்வளவே.

உப்பளத்தில் பெக்கர் சொன்ன பந்தயம் பெரும்பாலும் தலைகீழ் வடிவம் எடுக்கிறது. தொழிலாளர் சேர்த்து வைத்தது போய்விடும் என்பதல்ல, வாங்கியது தீரவில்லை என்பது. வடகிழக்குப் பருவமழையில் அளம் முழுகிக் கிடக்கும் மாதங்களில் கூலி இல்லை. வீட்டில் அடுப்பெரிய முன்பணம் வாங்க வேண்டும். வாங்கியவர் அடுத்த பருவத்தில் அதே அளத்துக்குத்தான் போக வேண்டும். வேலையில்லா மாதங்களுக்கு நிவாரணமாக 5000 ரூபாய் தரத் தமிழக அரசு தொடங்கியிருப்பதை இந்தக் கோணத்தில் பார்க்க வேண்டும். சின்னத் தொகைதான். ஆனால் முன்பணத்தின் அளவு குறைந்தால் அந்த அளவுக்குக் கட்டாயம் குறைகிறது. விசைப்படகுகளிலும் முன்பணம் இதே வேலையைச் செய்கிறது. சம்மாட்டியிடம் அட்வான்ஸ் வாங்கியவர் கணக்கு முடிக்காமல் வேறு படகில் ஏற முடியாது.

துறைமுகத்தின் கதை வேறு மாதிரி. பழைய துறைமுகத்தில் கடல் ஆழமில்லாததால், பெரிய கப்பல்கள் கரையிலிருந்து பல மைல் தள்ளி நங்கூரமிடும். சரக்கு தோணியில் ஏறி இறங்கி வரும். ஆழ்கடலுக்குள் கல் அணைகளைப் போட்டுச் செயற்கையாக உருவாக்கிய புதிய துறைமுகம் 1974 ஜூலை 11இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. வ.உ. சிதம்பரனார் பெயர் 2011இல் சூட்டப்பட்டது. அந்த முதல் தலைமுறையில் ஹார்பரில் நிரந்தர வேலை கிடைப்பது குடும்பத்தின் தலையெழுத்தையே மாற்றியது. குடியிருப்பு, ஆஸ்பத்திரி, பிள்ளைக்குப் பள்ளி, ஓய்வூதியம். பெக்கர் தன் கட்டுரைக்கு உதாரணம் தேடி வந்திருந்தால் இங்கேயே நின்றிருப்பார்.

1999இல் தனியார் சரக்குப்பெட்டக முனையம் வந்தது. மூட்டை மூட்டையாக, கேங் கேங்காக ஏற்றிய சரக்கு, பூட்டிய பெட்டிக்குள் வரத் தொடங்கியது. முதுகெலும்பு தப்பித்தது, அது பெரிய நன்மை, அதைக் குறைத்துச் சொல்பவர் மூட்டை தூக்காதவராகவே இருப்பார். கூடவே கேங்கும் கலைந்தது. கப்பலின் அடித்தளத்தில் இறங்கி, மூட்டை எப்படி அடுக்கினால் அலையில் சரியாது என்று கண்ணால் கணித்த அறிவு, கணினித் திட்டத்துக்குள் போய்விட்டது. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது பளுதூக்கியை இயக்குபவருக்குத் தெரியாது, தெரியவும் தேவையில்லை. சம்பளம் நல்ல சம்பளம். ஆனால் டிமோதி ஜட்ஜும் சகாக்களும் 2010இல் பல ஆய்வுகளைத் தொகுத்து, சம்பள அளவுக்கும் பணித் திருப்திக்கும் உள்ள தொடர்பு 0.15 என்ற அளவில், அதாவது மிக மெல்லியதாகவே இருக்கிறது என்று காட்டினார்கள். பட்டினியிலிருந்து பசியாறும் வரை பணம் நிறையச் செய்யும். அதற்கு மேல் அது செய்வது நாம் நினைப்பதைவிடக் குறைவு.

துறைமுகங்களில் இன்று என் கவனத்தை மிகவும் ஈர்ப்பது அடையாள அட்டைகள். ஒரே ஷிப்ட், ஒரே தளம், ஒரே ஆபத்து. ஒருவர் நிரந்தர ஊழியர், பக்கத்தில் நிற்பவர் ஒப்பந்தக்காரரின் ஆள். இவர்களிடம் நிறுவனப் பற்றுக் கேள்வித்தாளைக் கொடுத்தால் இரண்டாமவர் எந்த நிறுவனத்தை மனத்தில் வைத்துப் பதில் சொல்வார்? துறைமுகத்தையா, முனையத்தை நடத்தும் கம்பெனியையா, அட்டையில் பெயர் போட்ட ஒப்பந்தக்காரரையா, தன்னை அழைத்துவந்த மேஸ்திரியையா? 1985இலேயே ஆர்னன் ரைக்கர்ஸ், பற்று ஒன்றல்ல, அது பல இடங்களில் ஒரே நேரத்தில் கட்டப்பட்டிருக்கும் என்று எழுதினார். அடுத்த ஆண்டு ராபர்ட் ஐசன்பெர்கரும் அவரது குழுவும் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள். தொழிலாளருக்கு நிறுவனத்தின் மேல் எவ்வளவு பற்று என்று மட்டும் ஏன் கேட்கிறோம்? நிறுவனத்துக்குத் தன் மேல் எவ்வளவு அக்கறை என்று தொழிலாளர் நினைக்கிறார்? இந்த நினைப்பு உயர்ந்தால் பற்று உயர்கிறது, லீவு எடுப்பது குறைகிறது என்று அவர்கள் காட்டினார்கள். பிறகு வந்த நூற்றுக்கணக்கான ஆய்வுகள் அதை உறுதிசெய்தன. பற்றைப் பற்றி உளவியல் கண்டுபிடித்தவற்றில் இதுவே மிக முக்கியமானது என்பது என் கருத்து. மன்னார் வளைகுடாவில் குளித்தவர்கள் இதை மச்சான் கதையாக வைத்திருந்தார்கள். கீழே போகிறவர் மேலே நிற்பவரை எவ்வளவு நேசிக்கிறார் என்பது அங்கே கேள்வியே இல்லை. மேலே நிற்பவருக்குக் கீழே போனவர் போனால் என்ன நஷ்டம் என்பதுதான் கேள்வி.

நிர்வாகிகள் பலர் பற்று என்பதை வாய் திறக்காமை என்று புரிந்துகொள்கிறார்கள். இதற்கும் தூத்துக்குடியில் பதில் இருக்கிறது. 1908 பிப்ரவரி 27இல் கோரல் நூற்பாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஹார்வி சகோதரர்களின் நிர்வாகம், நீண்ட வேலைநேரம், ஓய்வு நாளே இல்லாத வாரம், தவறுக்கு அடி. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்றார்கள். ஊர் ஆலைக்கு எதிராகத் திரண்டது. வேலைநிறுத்தத்தைப் பழித்துப் பேசியவருக்கு முகம் மழிக்க நாவிதர் மறுத்த கதை இன்றும் சொல்லப்படுகிறது. ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கிவந்தது. கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் கிடைத்தன. தொழிலாளர்கள் ஆலைக்குத் திரும்பினார்கள்.

திரும்பினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் சொன்னபடி, ஓர் இடம் கெட்டுப்போகும்போது மனிதர்களுக்கு இரண்டு வழி, வெளியேறுவது அல்லது குரல் கொடுப்பது. பற்று இருக்கும் இடத்தில் ஆள் வெளியேறத் தயங்கிக் குரல் கொடுத்துப் பார்ப்பார். கோரல் ஆலையில் நடந்தது குரல். சில நாளில், மார்ச் 12இல், வ.உ.சி. கைதானார். கூலி கேட்டு வென்ற அதே தொழிலாளர்கள் இம்முறை கூலிக்கு அல்லாமல் அவருக்காக வேலையை நிறுத்தினார்கள். அவர்களது பற்று யாரிடம் கட்டியிருந்தது என்பதில் இனிச் சந்தேகம் இல்லை. 1950களின் தொடக்கத்தில் சிகாகோ இறைச்சி ஆலையின் தொழிலாளர்களிடம் மணிக்கணக்கில் பேசிய தியோடர் பர்செல் என்ற ஏசுசபைத் துறவி, பெரும்பாலோர் கம்பெனியிடமும் சங்கத்திடமும் ஒரே நேரத்தில் பற்று வைத்திருப்பதைக் கண்டு எழுதினார். சங்கத்தில் சேர்ந்தவர் நிர்வாகத்துக்குப் பகை என்ற எண்ணம் அந்த ஆய்வோடு போயிருக்க வேண்டும். போகவில்லை.

மூன்றாவது இழையான கடமைப் பற்றுக்கு வ.உ.சி.யின் கப்பல்களே சாட்சி. 1906இல் பதிவான சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியின் 25 ரூபாய்ப் பங்கை, லாபத்தை மட்டும் எண்ணி யாரும் வாங்கவில்லை. எதிரில் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தை வெட்டிக்கொண்டே வந்தபோதும் சுதேசிக் கப்பலில் ஏறியவர்கள், ஏறுவதே முறை என்று ஏறினார்கள். அந்த இழை வலிமையானது. ஆனால் அதன் மேல் மட்டுமே பாரத்தை ஏற்றிவிட்டு எந்த நிறுவனமும் நெடுநாள் ஓட முடியாது. கம்பெனியும் சில ஆண்டுகளில் முடிந்துபோயிற்று.

இப்போது மீனவருக்குத் திரும்புவோம், ஏனென்றால் போல்நாக் கேட்ட கேள்விகளில் ஒன்றை விட்டுவைத்திருக்கிறேன். மறுபடி பிறந்தாலும் இதே தொழில் செய்வீர்களா என்பதற்கு ஆம் என்று சொல்லும் மீனவர், உங்கள் பிள்ளையை இதில் விடுவீர்களா என்றால் தயங்குகிறார். உலகின் பல கடற்கரைகளில் இந்த இரட்டைப் பதில் வந்திருக்கிறது. தூத்துக்குடிக் கரையில் யாரிடமும் கேட்டுப் பார்க்கலாம். இது முரண் அல்ல. முதல் கேள்விக்கு அவர் வேலையைப் பற்றிச் சொல்கிறார், இரண்டாவதற்கு வேலையின் நிபந்தனைகளைப் பற்றி. டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு எல்லாம் கழித்து மிஞ்சுவதில் பங்கு. மிஞ்சாத நாளில் பங்கும் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். ஆபத்து முழுவதும் படகில் இருப்பவருக்கு.

அந்தப் பிள்ளைகள் எங்கே போகிறார்கள்? கணிசமானவர்கள் மறுபடி கடலுக்கே போகிறார்கள், சரக்குக் கப்பல்களில் மாலுமிகளாக. தந்தை பிள்ளையை விலக்க நினைத்தது கடலிலிருந்து அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. சரக்குக் கப்பலில் ஏறும் இளைஞருக்கு 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை பாதுகாப்பு தருகிறது. இந்தியா அதை 2015இல் ஏற்றது. 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு, எழுத்தில் ஒப்பந்தம், முடிந்ததும் கம்பெனி செலவில் வீட்டுக்குத் திரும்பும் உரிமை, நோய்ப்பட்டால் சிகிச்சை. கயிற்றை யாரோ பிடித்திருக்கிறார்கள், யார் என்று காகிதத்தில் எழுதியும் இருக்கிறது. அதே உடன்படிக்கை மீன்பிடிப் படகுகளை விலக்கிவைக்கிறது. மரபு முறையில் கட்டிய மரக்கலங்களையும் விலக்கிவைக்கிறது, ஆகவே பண்டாரியாகச் சேர்ந்து சமையல் செய்து, தோணித் தலைவரான தண்டல் ஆகும் வரை தோணியில் உழைப்பவருக்கும் அதில் இடமில்லை. மீன்பிடித் தொழிலாளர்களுக்கென்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2007இல் தனியாக ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது. 2017இல் அது நடைமுறைக்கு வந்தது. ஓய்வு நேரம், எழுத்துப்பூர்வ ஒப்பந்தம், மருத்துவச் சான்று, விபத்துக் காப்பு எல்லாம் அதில் இருக்கின்றன. அதை ஏற்ற நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. வேலையை நேசிப்பவர்கள் எப்படியும் கடலுக்குப் போய்க்கொண்டிருப்பார்கள் என்பதற்காக அந்தப் பட்டியலில் சேர்வதைத் தள்ளிப்போட ஒரு நாட்டுக்கு நியாயம் இல்லை.